"நன்றி: இணையம்" என்று போட்டால் போதுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜொகானஸ்பர்க்கிலும் உள்ள தமிழர்களில் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இல்லாதவர் குறைவு. கோயில் குரூப், தமிழ் வகுப்பு குரூப், குடும்ப குரூப், அப்புறம் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கம். அவற்றில் தினமும் வருவதில் பெரும்பகுதி யாரோ எழுதிய கட்டுரை, யாரோ எடுத்த படம், யாரோ சொன்னதாக ஒரு பொன்மொழி. அடியில் ஒரு வரி இருக்கும்: "நன்றி: இணையம்". இல்லையென்றால் "நன்றி: வாட்ஸ்அப்". அதுவும் இல்லையென்றால் "படித்ததில் பிடித்தது".

பிறர் ஆக்கியதைத் தேடி, நல்லதைத் தேர்ந்து, தொகுத்து நம் மக்களிடம் சேர்ப்பது நல்ல வேலை. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வரும் இந்த நாட்டில், பிள்ளைகளுக்கு ஒரு கவிதையையோ முன்னோர் வரலாற்றில் ஒரு துணுக்கையோ கொண்டுபோய்க் கொடுப்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் புதிதாக ஒரு குரூப்பின் அட்மின் ஆகியிருக்கலாம். காவடி விழா மலருக்கு நாலு பக்கம் தொகுத்துத் தரச் சொல்லியிருக்கலாம். இரண்டு காரியம் உங்கள் தலையில் விழுகிறது. எடுத்தது யாருடையது என்று சொல்ல வேண்டும். எடுத்தது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை போலத் தோன்றும். செய்யத் தொடங்கினால் ஒரே வேலை என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

"நன்றி: வாட்ஸ்அப்" என்று போடுவது, கடிதம் எழுதியவரை விட்டுவிட்டுத் தபால்காரருக்கு நன்றி சொல்வது போன்றது. எழுதியவருக்கும் பெருமை போய்ச் சேரவில்லை, வாசிப்பவருக்கும் "இதை எங்கே போய்ச் சரிபார்ப்பது?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. மூலம் குறிப்பிடுவது வெறும் மரியாதை மட்டுமில்லை. அடுத்தவர் அதே இடத்துக்குப் போய்ச் சேருவதற்கு அதுதான் வழி.

ஆகவே குறைந்தது நாலு விஷயம் வேண்டும்: ஆக்கியவர் பெயர், அதன் தலைப்பு, முதலில் எங்கே எப்போது வெளிவந்தது, நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள். கடைசி விஷயத்தைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பாரதியார் பாட்டுக்குப் "பாரதியார்" என்று மட்டும் போடாமல், "மதுரைத் திட்டம் மின்பதிப்பிலிருந்து" என்றும் சேர்த்துப் போடலாம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி. பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. ஒரு வரியைச் சரிபார்க்க நினைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, கடல் தாண்டியும் கையெட்டும் தூரத்தில் இருக்கும் நூலகம்.

இப்படிப் போடுவதால் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். பாரதியாரின் "கரும்புத் தோட்டத்திலே" பாடல். டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டப் பழைய படம் ஒன்றை எடுத்து, அதன் மேல் இந்தப் பாட்டைப் போட யாருக்கும் கை துறுதுறுக்கும். நம் பாட்டன் பூட்டிகள் வெட்டியதும் கரும்புதானே. ஆனால் பாடலை முழுதாகப் படித்தால், தெற்கு மாகடலுக்கு நடுவே உள்ள ஒரு தீவு என்று அதிலேயே இருக்கிறது. அது பிஜித் தீவில் துன்பப்பட்ட பெண்களைப் பற்றியது. நேட்டாலுக்கும் பொருந்தும் துயரம் என்று சொல்லிப் பகிரலாம், தவறே இல்லை. நேட்டாலைப் பற்றிப் பாரதி பாடியது என்று சொல்லிப் பகிர்ந்தால் பொய்யாகிவிடும். மூலத்தைத் தேடிப் போனவருக்கு இந்த வேறுபாடு தானாகவே கண்ணில் படும்.

அதைவிட வருத்தமானது "மெல்லத் தமிழினிச் சாகும்". புலம்பெயர்ந்த தமிழர் கூட்டங்களில் இதைப் பாரதியின் தீர்க்கதரிசனம் என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். பாட்டில் அது பாரதியின் கூற்றே கிடையாது. அப்படி ஒரு பேதை உரைத்தான் என்று தமிழ்த்தாய் சொல்வதாக அவர் எழுதினார். அந்த வசை தனக்கு வரலாமா, எட்டுத் திக்கும் சென்று கலைச்செல்வங்களைக் கொண்டுவந்து சேருங்கள் என்று அவள் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். இரண்டு வரி தள்ளிப் படித்திருந்தால் போதும். நம் பிள்ளைகளுக்கு ஊக்கம் தர வேண்டிய பாட்டை ஒப்பாரியாக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம்.

பொன்மொழிகளை எப்படிச் சோதிப்பது

பொன்மொழிக்கு ஒரே கேள்வி: எங்கே, எப்போது சொன்னார்? இடமும் காலமும் இல்லாத பொன்மொழியைச் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். பெயர் எவ்வளவு பெரியதோ அவ்வளவு சந்தேகம். ஏனென்றால் ஊர் பேர் தெரியாத வாக்கியங்கள் எல்லாம் கடைசியில் பெரிய மனிதர்களிடம்தான் போய் ஒட்டிக்கொள்கின்றன.

நம் நாட்டோடு தொடர்புள்ள இரண்டு பேரையே எடுத்துக்கொள்வோம். "நம் ஆழமான பயம், நாம் போதாதவர்கள் என்பதல்ல" என்று தொடங்கும் பத்தி ஒன்று, நெல்சன் மண்டேலா 1994-ல் பதவியேற்றபோது சொன்னதாக உலகம் முழுவதும் சுற்றுகிறது. மண்டேலா பிரிட்டோரியாவில் 1994 மே 10 அன்று ஆற்றிய உரை எழுத்து வடிவில் கிடைக்கிறது. நீளமான உரையும் இல்லை. படித்துப் பாருங்கள், அந்தப் பத்தி அதில் இல்லை. அது மரியான் வில்லியம்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1992-ல் வெளியிட்ட நூலில் இருப்பது. சில நிமிடத்தில் முடிகிற சோதனை இது.

காந்தியின் கதை இன்னும் சுவையானது. "உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்பதை அவர் பெயரில் பள்ளிச் சுவர்களில்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். காந்தியின் எழுத்தும் பேச்சும் கடிதங்களும் நூறு தொகுதிகளாகத் தொகுக்கப்பட்டு இணையத்திலேயே கிடைக்கின்றன. அந்த வாக்கியம் இந்த வடிவத்தில் அவற்றில் இல்லை. மிக நெருங்கி வருவது 1913-ல் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் அவர் குஜராத்தியில் எழுதிய ஒரு பத்தி. நம்மை நாம் மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்குகளும் மாறும் என்ற கருத்து அதில் வருகிறது. அது ஓர் உடல்நலத் தொடர்; அந்தக் கட்டுரை பாம்புக்கடியைப் பற்றியது! இந்தியன் ஒப்பீனியன் 1903-ல் டர்பனில் தொடங்கியது. 1904 முதல் ஃபீனிக்ஸ் குடியிருப்பில் அச்சானது. தமிழ்ப் பகுதியும் அதில் வந்ததுண்டு. அதாவது, உலகமே மேற்கோள் காட்டும் ஒரு கருத்தின் வேர் நம் டர்பனுக்கு வடக்கே, நம்மவர்கள் வாழும் ஃபீனிக்ஸில் இருக்கிறது. மூலத்தைத் தேடினால் பொய் உடைவது மட்டும்தான் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். பல நேரம் அந்தப் பொன்மொழியைவிட நல்ல சங்கதி கையில் கிடைக்கும். "காந்தி சொன்னது" என்று ஒரு வரி போடுவதற்குப் பதில் இந்தக் கதையைக் குரூப்பில் போட்டுப் பாருங்கள், பிள்ளைகள் விரும்பிப் படிப்பார்கள்.

சொன்னவர் யார் என்று கடைசிவரை தெரியவே இல்லை என்றால்? அதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டை எழுதிய புலவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் கபிலர் என்றோ பரணர் என்றோ போட்டுத் தள்ளியிருக்கலாம்; யார் கேட்கப் போகிறார்கள்? அப்படிச் செய்யவில்லை. "செம்புலப் பெயல்நீர் போல" என்ற பாட்டின் உவமையையே எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று பெயர் கொடுத்தார்கள். தெரியாததைத் தெரியாதது என்று வைத்தபடியே மரியாதையும் செய்துவிட்டார்கள். நாமும் "ஆசிரியர் தெரியவில்லை, இந்தப் பக்கத்திலிருந்து இந்தத் தேதியில் எடுத்தது" என்று எழுதலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

முன்னோர் வரலாறு

தென்னாப்பிரிக்கத் தமிழர் குரூப்களில் அதிகம் சுற்றுவதும், அதிகம் கவனம் தேவைப்படுவதும் இதுதான். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் வந்தால் ட்ரூரோ கப்பலைப் பற்றிய பதிவுகள் வரிசைகட்டி வரும். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ, ஒப்பந்தக் கூலிகளின் முதல் தொகுதியோடு 1860 நவம்பர் 16 அன்று நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. சில பதிவுகளில் 17 என்று இருக்கும். வந்தவர்கள் 342 பேர் என்பது பரவலாக வழங்கும் எண். ஒன்றிரண்டு முன்பின்னாகவும் எழுதுகிறார்கள். இப்படி எண்கள் வேறுபடும்போது எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை. எந்த நூலில், எந்த ஆவணத்தில் பார்த்து எழுதினீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்தவர் வேறு எண்ணோடு வந்தால் இரண்டு மூலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூலம் இல்லாத இரண்டு எண்களை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களைக் கப்பல் கப்பலாகப் பதிந்த பதிவேடுகள் இருக்கின்றன: ஆளுக்கொரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி. குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு இது புதையல். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பெயர்களை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஒரே முனியம்மா பல விதமாக எழுதப்பட்டிருப்பார். ஒரே எழுத்துக்கூட்டில் பல முனியம்மாக்களும் இருப்பார்கள். ஆகவே "இவர்தான் என் பூட்டி" என்று பெயரை மட்டும் நம்பிப் பகிராதீர்கள். குடும்பத்தில் பழைய ஒப்பந்தத் தாளோ திருமணப் பதிவோ இருந்தால் அதில் உள்ள எண்ணைப் பதிவேட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். பகிரும்போது அந்த எண்ணையும் கப்பலின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். எங்கேயோ இருக்கும் தூரத்து உறவினர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேரலாம்.

பழைய படங்கள் இன்னும் வழுக்கலானவை. கப்பல் தளத்தில் தலைப்பாகையும் மூட்டையுமாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் படம் ஒன்று நேட்டால் என்று வரும். அதே படம் மொரீஷியஸ் என்றும் பிஜி என்றும் வேறு பக்கங்களில் நிற்கும். எல்லோருக்கும் அது தங்கள் பாட்டன் படமாகவே தெரியும். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் எந்த ஆவணக் காப்பகத்தில் அந்தப் படம் இருக்கிறது, அங்கே என்ன குறிப்பு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் "ட்ரூரோவில் வந்தவர்கள்" என்று தலைப்புப் போட்டால், உண்மையில் அதில் இருப்பவர்களின் அடையாளத்தை நாம் பறித்துவிடுகிறோம்.

படமும் வாய்ஸ் நோட்டும்

படத்தைச் சோதிக்கும் வழி எளிது. கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்தால் அது வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். டின்ஐ (TinEye) என்ற தளத்தில் பழையது முதலில் வருமாறு அடுக்கிப் பார்க்கலாம். நேற்று நடந்ததாக வந்த படம் ஆறு ஆண்டுக்கு முன்பே இணையத்தில் இருந்தால் வேலை முடிந்தது. அப்புறம் படத்துக்குள்ளேயே பாருங்கள்: கடைப் பலகையின் மொழி, வண்டியின் எண். சில ஆண்டுகள் முன்வரை டர்பன் வண்டிகளின் எண் என்.டி. என்றுதான் தொடங்கியது. சாலையின் இடப்பக்கம் வண்டி ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இங்கும் இடப்பக்கம், இந்தியாவிலும் இடப்பக்கம்.

சரிபார்ப்பது என்றால் எதையும் நம்பாமல் இருப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் க்வாசூலு-நேட்டாலில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களில் டோங்காட் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று செய்தி வந்தது. கேட்டால் கட்டுக்கதை போலத்தான் இருந்திருக்கும். ஆனால் உண்மை, மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வேலோ அதை உறுதிப்படுத்தி மக்களை எச்சரித்தது. நம்பமுடியாததாகத் தோன்றியது உண்மையாக இருந்தது. நம்பும்படி இருப்பது பொய்யாகவும் இருக்கலாம். நம் மனம் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், அதைச் சொல்லும் பொறுப்பு யாருக்கு உண்டோ அவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்க வேண்டும்.

2021 ஜூலையை நம்மில் யாரும் மறக்கவில்லை. க்வாசூலு-நேட்டாலிலும் கௌட்டெங்கிலும் 350-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கலவரம். ஒருபக்கம் பயம், ஒருபக்கம் கை நிறைய வாய்ஸ் நோட்டு. பேசுபவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று ஒன்றும் இல்லாமல் "இவர்கள் வருகிறார்கள், அங்கே கூடியிருக்கிறார்கள்" என்று குரல் மட்டும் கைமாறி வரும். அப்படிப்பட்ட ஒன்று அடுத்த தெருக்காரரைப் பகைவராக்கிவிடும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு "பலமுறை அனுப்பப்பட்டது" என்று வந்தால், அது உங்களுக்கு அனுப்பிய அண்ணனோ அத்தையோ சொன்னது கிடையாது. பல கை மாறி வந்தது. அனுப்பியவரிடமே பணிவாகக் கேளுங்கள்: "அண்ணே, இது உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது? நீங்கள் நேரில் பார்த்தீர்களா?" நேரில் பார்த்தவர் கிடைக்கும்வரை உங்கள் கையில் அது நிற்கட்டும். 2012-ல் தொடங்கிய ஆப்பிரிக்கா செக் என்ற அமைப்பு இத்தகைய செய்திகளை ஆராய்ந்து வெளியிடுகிறது. நாம் சந்தேகிப்பதை ஏற்கெனவே அவர்கள் பார்த்திருக்கிறார்களா என்று ஒருமுறை தேடலாம். பொய்ச் செய்தியைப் புகார் செய்ய ரியல்411 என்ற தளமும் இங்கே இருக்கிறது.

இதையெல்லாம் நினைவில் வைக்க மைக் கால்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் நான்கு படி சொல்கிறார். பகிரும் முன் நில். சொல்பவர் யார் என்று பார். நம்பகமான வேறு யார் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று தேடு. செய்தியை அது முதலில் வந்த இடம்வரை பின்தொடர்ந்து போ. நான் என் மொழியில் சுருக்கியிருக்கிறேன், வகுத்தவர் அவர்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கேட்டால் மூலம் சொல்லிவிடுமே என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். சொல்லும், இல்லாததையும் சொல்லும். 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பைப் பாருங்கள். ஒரு வழக்கில் வழக்கறிஞர் தரப்பு ஒன்பது முன்தீர்ப்புகளை மேற்கோள் காட்டியது. நீதிமன்றம் தேடியபோது இரண்டுதான் உண்மையில் இருந்தன. சட்டம் படித்தவர்களுக்கே இந்தக் கதி. அந்தக் கருவி ஒரு நூலையோ பக்கத்தையோ சொன்னால், அதைத் திறந்து உங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் அது மூலம்.

பெயர் போட்டால் எடுத்துக்கொள்ளலாமா?

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பெயர் குறிப்பிடுவது வேறு, அனுமதி வேறு. ஒரு முழுக் கட்டுரையை அள்ளி உங்கள் பக்கத்தில் போட்டு அடியில் எழுதியவர் பெயரைப் போட்டால், நன்றி சொன்னீர்களே தவிர அனுமதி வாங்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மேற்கோள் காட்ட இடம் தருகிறது: நோக்கத்துக்குத் தேவையான அளவு மட்டும், மூலத்தையும் ஆசிரியர் பெயரையும் சொல்லி. எழுத்துக்கு இங்கே பாதுகாப்பு, ஆசிரியர் இறந்து 50 ஆண்டுவரை, இந்தியாவில் 60. பாரதியார் இறந்தது 1921. அவர் பாட்டைத் தாராளமாகப் போடலாம். இன்று எழுதும் ஒருவரின் கவிதை என்றால் இரண்டு வரியும் ஒரு லிங்க்கும் கொடுங்கள், அல்லது அவரையே கேளுங்கள். பெரும்பாலான தமிழ் எழுத்தாளர்கள், டர்பனில் ஒரு தமிழ் வகுப்பில் தங்கள் கவிதையைப் படிக்கிறார்கள் என்று கேட்டால் மகிழ்ந்துபோய்ச் சம்மதிப்பார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ள படங்களுக்கு அனுமதி முன்கூட்டியே இருக்கிறது. தலைப்பு, எடுத்தவர், கிடைத்த இடம், உரிமத்தின் பெயர் நான்கையும் போட்டுவிடுங்கள்.

விழாவில் எடுத்த படங்களில் பிள்ளைகள் முகம் தெரிந்தால் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கோயிலுக்கும் சங்கத்துக்கும்கூடப் பொருந்தும்.

இவ்வளவும் பார்த்தாலும் சில நேரம் தவறானது வெளியே போய்விடும். அப்போது பதிவைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள்; நீக்குவதற்குள் அதை எத்தனை பேர் எடுத்து அனுப்பியிருப்பார்களோ. எந்தக் குரூப்பில் போட்டீர்களோ அதே குரூப்பில், முதல் வரியிலேயே "திருத்தம்" என்று போட்டு, என்ன தவறு, எது சரி, அது எங்கே கிடைத்தது என்று மூன்று வரி எழுதுங்கள். தவறைச் சுட்டிக்காட்டியவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். விழா மலர் போல அச்சானது என்றால் அடுத்த இதழில் அதே பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.